உறைந்த பீப்பாய்க்கு உரிமம் கோரும் விண்ணப்பம்

மாண்பமை சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் மேலான கவனத்திற்கு:

வெப்பநிலை 19 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லாத இந்தத் தீவில், பாசிர் ரிஸ் காப்பிக்கடை ஒன்றின் பின்கட்டில் பீர்ப் பீப்பாய் உறைந்துபோனால், பழி வானிலையைச் சேராது, குளிர்பெட்டியின் பழுதான கட்டுப்பாட்டுக் கருவியையே சேரும் என்பதைத் துறை உடனே ஒப்புக்கொள்ளும். அக்கருவி உரிமம் இன்றி மதுவுற்பத்தியிலும் இறங்கிவிடுகிறது என்பது துறையின் கண்ணில் இன்னும் படாதிருக்கக்கூடும் என்பதால் இம்மடல் வரையப்படுகிறது.

நூற்றுக்கு ஐந்து பங்கு மதுசாரம், அதாவது போதை தரும் எத்தனால், கொண்ட பீர் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 டிகிரியில் உறையத் தொடங்குகிறது. அப்போது நீரே முதலில் பனிக்கட்டியாகிப் பிரிய, மதுசாரமும் மால்ட் சத்தும் எஞ்சிய திரவத்தில் செறிகின்றன. ஜெர்மானியர் இதை வேண்டுமென்றே செய்து, பனியை நீக்கி, 'ஐஸ்பாக்' என்று பெயரிட்டு விற்கின்றனர்.

50 லிட்டர் பீப்பாயில் உள்ள மதுசாரம் 2.5 லிட்டர், 2014இல் 48 வெள்ளியிலிருந்து உயர்த்தப்பட்ட கலால் தீர்வை, மதுசாரத்தின் லிட்டருக்கு 60 வெள்ளி வீதம், 150 வெள்ளி ஆகிறது. அப்பீப்பாயில் 20 லிட்டர் நீர் உறைந்தால், மிஞ்சும் 30 லிட்டரில் அதே 2.5 லிட்டர் மதுசாரமே இருப்பதால் கருவூலத்துக்கு ஒரு காசும் குறைவதில்லை. வலிமை மட்டும், வடித்தெடுத்தது போல, 8 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. வடித்த மதுவுக்குத் தீர்வை 88 வெள்ளி என்பதால், எத்தனையாவது பனிக்கட்டியில் பீர் தன் குலம் மாறுகிறது என்பதைத் துறை தெளிவாக்குவது நலம். வீட்டில் குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர்வரை உரிமமின்றிப் பீர் காய்ச்சிக்கொள்ள 2004 முதல் இசைவு உண்டு என்றாலும், வடித்தலுக்கு அதில் இடமில்லை. மேலும் காப்பிக்கடை எவ்வளவு விரிந்த குடும்பத்தை வைத்திருந்தாலும் வீடாகாது.

பீப்பாயை மீட்கும் முறையோ துறையின் கோப்பு நடைமுறையை ஒத்த பொறுமையைக் கோருகிறது. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதோடு, தன்னில் கரைந்திருந்த கரியமில வாயுவையும் வெளியே தள்ளுவதால் உள்ளழுத்தம் கூடியிருக்கும். ஆகவே வெந்நீர் ஊற்றுவதும், பின்சந்தின் வெயிலில் உருட்டிவிடுவதும் ஆகாது, உலோகம் புடைத்திருந்தால் தொடாமல் மதுவாலைக்கே சொல்லி அனுப்ப வேண்டும். புடைக்காத பீப்பாயை 3 அல்லது 4 டிகிரிக் குளிரறையில் இரண்டு மூன்று நாள் வைத்து முழுதும் உருகவிட்டு, பிறகு மெல்லச் சாய்த்துக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் நிறுத்த வேண்டும். அதற்குமுன் குழாயைத் திறந்தால், உள்ளே அடிவரை இறங்கும் தண்டு கீழே தேங்கிய செறிவை முதலில் உறிஞ்சுவதால், முதற் கோப்பைக்காரர் தள்ளாடுவார், கடைசிக் கோப்பைக்காரர் மிதந்துருகிய நீரைப் பருகுவார். இருவரிடமும் விலை ஒன்றே. புரதத் துகள்கள் திரண்டு பீர் கலங்கியிருந்தால் அது கண்ணுக்குத்தான் குறை, உடலுக்குக் கேடில்லை. (கழிவுநீரிலிருந்து மீட்ட புதுநீரில் காய்ச்சிய பீரையே 2018 முதல் பருகும் நகரத்துக்குக் கலங்கல் ஒரு பொருட்டாகாது.)

ஆகவே 'தற்செயல் வடிப்பாளர்' என்றொரு உரிம வகையை ஏற்படுத்தி, பனி உருகும்வரை அது செல்லும் என்று விதிக்குமாறு வேண்டப்படுகிறது. துறை இருக்கும் நியூட்டன் சாலையிலிருந்து, கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் கிழக்குக் கோடியான பாசிர் ரிசுக்கு ஆய்வாளர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். படிவம் மேசை மேசையாக நகர்ந்து நான்கு நாள் கழித்து வருவாரெனில், அவர்முன் இருக்கப்போவது 150 வெள்ளி தீர்வை ஏற்கெனவே செலுத்தப்பட்ட சாதாரண 5 விழுக்காட்டுப் பீர்தான், அதை விற்பதற்கான உரிமமோ கடைச் சுவரிலேயே மாட்டியிருக்கும்.