பிபிசியில் பிசிறு

2025இல் என் மாப்பிள்ளை டிவி பார்ப்பதற்கு வருஷத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் கட்டினார். நம்ம காசில் இருபதாயிரம் ரூபாய். லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் மகள் வீட்டில் போய் இறங்கி, தபாலில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றி விசாரித்தபோதுதான் இது தெரிந்தது.

"நீங்கதான் பிபிசி பக்கமே போறதில்லீங்களே மாப்ள, அப்பறம் எதுக்குக் கட்டறீங்க?"

"போகாட்டியும் கட்டோணுங்க மாமா. எந்தச் சேனலா இருந்தாலும் நேரலையில பார்க்கறதுக்கு லைசென்ஸ் வேணுங்க. இல்லீன்னா கோர்ட்டுக்கு இழுத்துருவாங்க."

எங்கப்பா ரேடியோவுக்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நம்ம அரசாங்கம் அந்தச் சள்ளையையெல்லாம் எண்பதுகளிலேயே விட்டொழித்துவிட்டது. இவர்கள் இன்னும் விடவில்லை. பணமும் கட்டி, பார்க்கவும் செய்யாமல், ஒரு நாளைக்கு 48 பென்ஸ் வீதம் காற்றில் போகிறது என்பதை எந்தத் திருப்பூர்க்காரனால் பொறுத்துக்கொள்ள முடியும்? கறுப்பு வெள்ளை டிவி என்றால் 58 பவுண்டு 50 பென்ஸ்தான் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொன்னார். அதற்கு மாறிவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். கறுப்பு வெள்ளையில் ஷேடு வேரியேஷன் எப்படித் தெரியும்?

இதை விளக்க வேண்டும். நான் ஆயுசெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்தவன். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கழுத்து ரிப்தான் கண்ணில் படும். அப்புறம் தோள்பட்டைத் தையல், கை மடிப்பு, அடி மடிப்பு, தொங்குகிற பிசிறு. முகம் நினைவிருக்காது, சைடு சீம் முறுக்கியிருந்தது மட்டும் நினைவிருக்கும். என் கல்யாண ஆல்பத்தில்கூட சகலையின் பனியன் தெரிகிற இடத்தைத்தான் முதலில் காட்டுவேன் என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆக, ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, கட்டிய காசை வசூலித்தே தீருவது என்று சோபாவில் உட்கார்ந்தேன். வெளியே மழை, நவம்பர் மாதம். விடியவே ஏழு மணிக்கு மேலாகிவிடும்.

முதலில் 'பிரேக்ஃபாஸ்ட்'. சால்ஃபோர்டு ஊரிலிருந்து சிவப்பு சோபாவில் இரண்டு பேர் செய்தி சொல்கிறார்கள். கோட்டு, டை, கவுன். எல்லாம் வோவன், தறித்துணி. நிட்டிங் சரக்கு, நம்ம பின்னலாடை, மருந்துக்கும் இல்லை. மழையில் நிறுத்தி வைத்திருந்த நிருபர்கூட கழுத்துவரை ஜிப் போட்டிருந்தார். மூன்று மணி நேரம் போச்சு.

பிறகு வந்ததுதான் நிகழ்ச்சி. 'ஹோம்ஸ் அண்டர் த ஹேமர்' என்று 2003 முதல் ஓடுகிறதாம். இடிந்து கிடக்கும் வீட்டை ஏலத்தில் எடுக்கிறார்கள், சிலர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல். ரிப்பேர் செய்கிறார்கள். கடைசியில் புரோக்கர்கள் வந்து இன்றைய மதிப்பு இவ்வளவு என்கிறார்கள். படியைக் காட்டினால் படியைப் பற்றிய பாட்டு, கதவைக் காட்டினால் கதவைப் பற்றிய பாட்டு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு. வீட்டை வாங்கினவர் சுவர் இடிக்க வந்த கோலத்தில் நிற்கிறார், சாம்பல் நிற டி-ஷர்ட்டில். நல்ல ஜெர்ஸி, 160 ஜிஎஸ்எம் இருக்கும். கழுத்து கொஞ்சம்கூட அலை பாயவில்லை. "நம்மூருச் சரக்கு!" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடிவந்து, "ஆருங்க? ஆரு வந்திருக்காங்க?" என்று கதவைப் பார்த்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு 'பார்கெயின் ஹன்ட்'. சிவப்பு அணிக்கு இரண்டு பேர், நீல அணிக்கு இரண்டு பேர். கையில் 300 பவுண்டு கொடுத்து, ஒரு மணி நேரத்தில் பழம்பொருள் சந்தையில் மூன்று சாமான் வாங்கச் சொல்கிறார்கள். அதை ஏலம் விட்டு, லாபம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நஷ்டம்தான். அப்படியும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி உதைத்து விடை பெறுகிறார்கள். ஐந்து பவுண்டு லாபம் வந்துவிட்டாலோ கட்டிப் பிடித்துக் குதிக்கிறார்கள். எங்கள் ஊர் காதர்பேட்டையில் இப்படி லாபத்தை வெளியே காட்டியவன் எவனாவது உண்டா? புது கார் வாங்கி, அவிநாசி ரோட்டில் இடம் வாங்கி, காங்கேயத்துப் பக்கம் காற்றாலையும் வாங்கினவர் "ஒண்ணுமே நிக்கறதில்லீங்க, லேபருக்காவ ஓட்டறேன்" என்றுதான் சொல்வார். இரு அணிக்கும் கொடுத்திருந்தது பாலியஸ்டர் ஃப்ளீஸ். நமக்குச் சம்பந்தமில்லை என்று நான் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டேன்.

பிபிசியில் விளம்பரம் கிடையாது. சொந்த நிகழ்ச்சிக்கு மட்டும் தானே தம்பட்டம் அடித்துக்கொள்ளும். மதியம் அப்படி ஒன்று வந்தது: இன்றிரவு 'பனோரமா'. அந்தப் பெயரைக் கேட்டால் திருப்பூரில் பழைய ஆட்களுக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். 1953இல் தொடங்கிய இந்த நிகழ்ச்சி, 2008 ஜூன் 23 அன்று எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றித்தான் பேசியது. பிரைமார்க் கடையில் மலிவாக விற்கும் துணியை யார் தைக்கிறார்கள் என்று கிளம்பி, வேலை வெளியே கைமாறிப் போவதையும், பவானிசாகர் அகதி முகாமில் குழந்தைகள் கை வேலை செய்வதையும் காட்டினார்கள். ஒளிபரப்புக்கு முன்பே பிரைமார்க் திருப்பூரில் மூன்று சப்ளையர்களைக் கழற்றிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சேனல் வராது. ஆனாலும் மறுநாள் டீக்கடையில் ஒவ்வொருவரும் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததுபோல்தான் பேசினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் செக்கிங்காரனுக்குச் சர்க்கரைப் பொங்கல். அந்தப் படத்தில் பெங்களூருப் பட்டறை ஒன்றில் மூன்று பையன்கள் தையல் சோதிப்பதாக முக்கால் நிமிஷக் காட்சி ஒன்று உண்டு. அது அசல் அல்ல என்று பிரைமார்க் பிடித்துக்கொண்டது. அப்போது பிபிசியைக் கண்காணித்த பிபிசி டிரஸ்ட் விசாரித்து, 2011 ஜூனில் தீர்ப்புச் சொன்னது: அசலாக இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். பிபிசி மன்னிப்புக் கேட்டது. படத்துக்கு வாங்கியிருந்த ராயல் டெலிவிஷன் சொசைட்டி விருதையும் திருப்பிக் கொடுத்தது. முக்கால் நிமிஷத்துக்கு மூன்று வருஷ ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்! எங்களுக்கு ஒரு கன்டெய்னருக்கு அரை நாள்தான் கொடுப்பார்கள். ஊரில் சிலர் 'எல்லாமே பொய்னு ஆயிருச்சுங்க' என்று பட்டாசு கொளுத்தாத குறை. அப்படி ஆகவில்லை. பிரைமார்க்கின் விதியை மீறி வேலை வெளியே போனதற்குத் தெளிவான ஆதாரம் இருந்தது என்று அதே டிரஸ்ட் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதால் மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்று பையர் சொன்னால் நாங்கள் சண்டைக்குப் போவோம். எங்களுக்குச் சாதகமாக வரும்போது மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள முடியாது.

மூன்று மணிக்கு 'எஸ்கேப் டு த கன்ட்ரி'. நகரம் சலித்த ஒரு தம்பதியை கிராமத்துக்குக் கூட்டிப்போய் வீடு வீடாகக் காட்டுகிறார்கள். எல்லா வீட்டையும் 'அருமை, அற்புதம்' என்கிறார்கள். தோட்டத்தில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். கடைசியில் 'யோசித்துச் சொல்கிறோம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் பதறிவிட்டேன். எத்தனை பையரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்து, இளநீர் கொடுத்து, சாம்பிள் ரூமைத் திறந்து காட்டி, இதே பெருமூச்சைக் கேட்டிருக்கிறேன்! அந்த அம்மா முதல் வீட்டில் 'லவ்லி' என்ற மாத்திரத்திலேயே ஆர்டர் வராது என்று சொல்லிவிட்டேன். வரவில்லை. மகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஐந்தேகாலுக்கு 'பாயின்ட்லெஸ்'. முன்கூட்டியே நூறு பேரிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்திருக்கிறார்கள். மேடையில் இருப்பவர்கள் சரியான பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நூறு பேரில் மிகக் குறைந்த பேர் சொன்ன பதிலாக அது இருக்க வேண்டும். குறைந்த எண்ணுக்கே வெற்றி. பூஜ்யம் என்றால் கொண்டாட்டம். மாப்பிள்ளை பத்து நிமிஷம் விளக்கத் தயாராக வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நாங்கள் கொட்டேஷன் கொடுப்பதே இப்படித்தானே! பக்கத்து கம்பெனியைவிடக் குறைவாகச் சொல்ல வேண்டும், அதைவிட வங்கதேசத்துக்காரன் குறைவாகச் சொல்வான், ஏனென்றால் அவனுக்கு இங்கே சுங்கவரி இல்லை. அந்த வரி நமக்கும் நீங்கும் என்றுதான் 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது திருப்பூரே துள்ளியது. இவர்கள் பூஜ்யத்துக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். நாங்கள் பூஜ்யம் வரைக்கும் போய்விட்டு வட்டி கட்டுகிறோம்.

அதற்குமேல் செய்தி, வானிலை (மழை), இன்னொரு சோபா நிகழ்ச்சி. ஏழரைக்கு 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடங்கியதும் என் மனைவி ரிமோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 1985 முதல் ஓடும் சீரியல். வால்ஃபோர்டு என்று ஒரு கற்பனை ஊர், நடுவே ஒரு பப். இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறை. கதை முழுசாகப் புரிந்தது. 2001இல் ஒரு பெண்ணுக்கு, இத்தனை நாள் அக்கா என்று நினைத்தவள்தான் அம்மா என்று தெரியவரும் காட்சியில் நாடே அலறியது என்று மகள் சொன்னாள். "இதுக்காங்கண்ணு அலறுனாங்க? மொத வாரமே தெரிஞ்சிருக்குமே" என்றாள் இவள். தமிழ் சீரியலில் எடுத்த பயிற்சி. நம்ம மகாபாரதத்தை 1990இல் பிபிசி 2 சப்டைட்டிலோடு போட்டபோதே இவர்கள் குந்தியைப் பார்த்துப் பாடம் கற்றிருக்கலாம்.

சீரியல் முடிந்ததும் ஊரே எழுந்து டீக்குக் கெட்டிலைப் போடுமாம். அந்த நேரத்தில் மின்சாரம் எகிறும் என்று கன்ட்ரோல் ரூமில் முன்கூட்டியே காத்திருப்பார்களாம். 1990 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆடிய அரையிறுதி முடிந்ததும் 2,800 மெகாவாட் ஏறியதாக மாப்பிள்ளை சொன்னார். டீக்காக! கரன்ட் கட் வந்த வருஷங்களில் பவர் டேபிள் ஓட்ட ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே பாதிப்பேர் நொடிந்துபோன ஊரிலிருந்து வந்தவனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அப்போதுதான் திரையில் அந்த இடம் வந்தது. வால்ஃபோர்டில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. டாட் காட்டன் என்ற பாட்டி அதில் வருஷக்கணக்காக வேலை பார்த்தாராம், பெயரே காட்டன்! வரிசையாக மிஷின்கள். யாரோ ஒருவர் துணியை மொத்தமாக அள்ளி, சூடான டிரையருக்குள் திணித்துக் கதவைச் சாத்துகிறார். உள்ளே நீல டி-ஷர்ட் ஒன்று கண்ணாடியில் மோதி மோதிச் சுழல்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நாசமாப் போச்சு! எடுத்து வெளியில போடச் சொல்லு! காலர்ல லேபிளு எதுக்குத் தெக்கறது? படிச்சுப் பார்க்க மாட்டானா? இப்பிடிச் சுத்தவிட்டுப் போட்டு, ஷ்ரிங்கேஜ் அஞ்சு பர்சென்ட்டுக்கு மேலன்னு எங்களுக்கு மெயில் போடுவான்!"

மகள் டிவியை நிறுத்தப் போனாள். மனைவி ரிமோட்டைத் தரவில்லை. "நீங்க போய்ப் படுங்க," என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அந்தத் துணி ஆருதுன்னு இன்னும் சொல்லல."