பெயர், ஊர், சேகரிப்பு

தபால்தலை சேகரிப்போர் குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு: பெயர், ஊர், என்ன சேகரிக்கிறீர்கள், எல்லாம் மூன்று வரிக்குள். சேருகிறவர் பினாங்குத் தமிழராக, அதிலும் சேமநிதிப் பணத்தை எடுத்துவிட்ட வயதினராக இருந்தால், முதல் வரி முடிவதற்குள் தாத்தா ரஜூலா கப்பலில் ஏறிவிடுகிறார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்துசேர ஒரு பத்தி. ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் கிடந்தது இரண்டு வரி. பிறகு அக்கரையில் நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டம், லயம், பால்மரம், தண்டலோடு தாத்தா போட்ட சண்டை, அப்பா ஹார்பரில் கிராணி ஆனது, தமக்கு எம்.சி.இ. கணக்கில் விழுந்த கிரேடு, மெல்பர்னில் இருக்கும் மகளின் உத்தியோகம். ஆகக் கடைசியில், போனால் போகிறதென்று, "சிறுவயதில் கொஞ்சம் ஸ்டாம்ப் சேர்த்தேன்." குழுவின் மூத்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தப்பு அவர்கள் பக்கம்தான் என்பது என் கட்சி. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் நீண்ட அறிமுகத்தைக் குறை சொல்லலாம். தபால்தலைக்காரர் சொல்லக் கூடாது.

1860களில் பினாங்கிலிருந்து போன ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது இங்கே நமக்கென்று தபால்தலை கிடையாது. இந்தியத் தலைதான், விலையும் அணாவில்தான். உறையை ஊறவைத்து உரித்தெடுத்தால், விக்டோரியா அம்மாள் முகம் போட்ட இன்னோர் அணாத் தலை, அவ்வளவுதான். கல்கத்தாவில் ஒட்டியதா திருச்சியில் ஒட்டியதா என்று அம்மாள் வாயைத் திறக்க மாட்டார். அதன்மேல் கோடுகளுக்கு நடுவே 'பி 147' என்ற முத்திரை விழுந்திருந்தால் கதையே வேறு. பி 172 சிங்கப்பூர், பி 109 மலாக்கா, பி 147 நம்ம ஊர். அது உறையோடு கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். யாருக்கு எழுதியது, எந்த வழியாகப் போனது, என்றைக்கு எந்த ஊரில் இறங்கியது எல்லாம் முன்னும் பின்னும் எழுத்தும் முத்திரையுமாக இருக்கும். ஓரம் கிழிந்திருக்கட்டும், மசி பரவியிருக்கட்டும், கரப்பான் ஒரு மூலையைத் தின்றிருக்கட்டும், உரித்த தலைக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கி, பூதக்கண்ணாடியோடு பாதி ராத்திரிவரை பின்பக்கத்தைப் படிப்பார்கள். ஒரு காகிதம் கடந்துவந்த வழியை இப்படிப் படிக்கிற அதே கண்கள், ஒரு மனிதர் கடந்துவந்த வழிக்கு நான்காவது வரியிலேயே சொக்கிப்போகின்றன. புதியவரிடம் அவர்கள் கேட்பது வேறொன்றுமில்லை: உங்களை நீங்களே ஊறவைத்து, உரித்து, காயவைத்துக்கொண்டு வாருங்கள்.

முத்திரையே படாத புதுத் தலைக்கும் மதிப்பு உண்டே, பின்பக்கப் பசை கலையாமல் இருந்தால் விலை கூடுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அறுபது வயதில் குழுவில் சேருகிறவரை எந்தக் கேட்டலாக்கும் புதுத் தலை என்று ஒப்புக்கொள்ளாது.

தவிர, பினாங்கே தன்னை மூன்று வரியில் சொல்லிக்கொண்ட ஊர் இல்லை. 1867 ஏப்ரலில், பினாங்கு அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் இந்திய அரசின் கையிலிருந்து நேரே லண்டன் ஆட்சிக்குப் போனது. செப்டம்பரில் முதல் தபால்தலைகள் வந்தன. புதிதாக எதையும் அச்சடித்துவிடவில்லை. பழைய இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடமும் சென்ட் கணக்கில் விலையும் குத்தினார்கள். ஒரே ஓர் அணாத் தலை 2 சென்ட், 3 சென்ட், 4 சென்ட் என்று மூன்று அவதாரம் எடுத்தது. அடியில் அணாவும் தெரியும், மேலே சென்டும் தெரியும். 1942இல் ஜப்பானியர் ஆட்சியிலும் அதே வழக்கம்தான். ஆறாம் ஜார்ஜ் முகத்தின் மேல் ஒக்குகவா என்ற அதிகாரி தம் சொந்த முத்திரையைக் குத்தினார். உச்சிபோரி என்பவரும் குத்தினார். பிறகு 'டாய் நிப்போன் 2602 பினாங்கு' என்று முறையாகவே அச்சடித்தார்கள். 2602 என்பது அவர்களுடைய ஆண்டுக் கணக்கு. மன்னர் முகத்தின் மேல் தன் பெயரைக் குத்துவதைவிடவா தண்டல் சண்டை தற்பெருமை? ஆனாலும் ஒக்குகவாவைக் குழுவில் யாரும் 'சுருக்கமாகப் போடக் கூடாதா' என்று கேட்டதில்லை. அவர் முத்திரை கிடைத்தால் போதுமென்று அலைகிறார்கள்.

சுருக்கம்தான் மரியாதை என்பவர்கள் பிரிட்டனைக் காட்டலாம். 1840இல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்ட அந்த நாடு இன்றுவரை தன் தலைகளில் நாட்டின் பெயரைப் போடுவதில்லை; ஆட்சி செய்பவரின் முகம் மட்டும்தான். முதலில் வந்தவருக்கு அறிமுகம் தேவையில்லை, அது அந்த வீட்டின் வசதி. பின்னால் கப்பலேறி வந்தவர்களுக்கு அப்படி இருக்க முடியாது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1849இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், யேமனிலிருந்து புறப்பட்டு நாகூரில் பெண் கட்டிய கொள்ளுத்தாத்தாவைச் சொல்லாமல் தம்மைப் பற்றிப் பேசவில்லை. நவீன மலாய் எழுத்தின் முன்னோடி என்று இன்று அவரைப் பாடத்தில் படிக்கிறோம். அவரை மூன்று வரியில் முடிக்கச் சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெயர் அப்துல்லா, ஊர் மலாக்கா, சேகரிப்பு ஒன்றுமில்லை.

முழுச் சுருக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஐசி என்கிற அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பினாங்கென்றால் 07), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இதைவிடக் கச்சிதமாக ஒரு மனிதரைச் சொல்லிவிட முடியாது. இதைப் படித்துவிட்டு இவரோடு ஒரு கோப்பித் தண்ணி குடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இவ்வளவையும் வெளியே கொட்டினால் மோசடிக்காரன் கையில் சிக்குமே என்ற பயம் நியாயமானது. ஆனால் வங்கிக் கணக்கைத் துடைக்க அவன் தேடுவது அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைத்தான். தாத்தா வந்த கப்பலின் பெயரை வைத்து அவனால் ஒரு ரிங்கிட்டும் எடுக்க முடியாது. பெயருக்குப் பின்னால் பி.ஜே.கே. போட்டுக்கொள்வது பற்றியும் புகார் வருகிறது. மாநில அரசு கொடுத்த பதக்கம், நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லாமல் அலமாரிக்கா சொல்வது? நேரம் வீணாகிறது என்ற புகாரைத்தான் என்னால் ரசிக்கவே முடியவில்லை. விடிந்தால் ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் கோப்பையுமாக 'காலை வணக்கம்' படம் நாற்பது வருகிற குழுவில், மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு தாத்தாவா பாரம்?

எல்லாம் சரி, தபால்தலையைப் பற்றி ஒரு வரிதானே எழுதினார் என்பது கடைசி ஆட்சேபம். அந்தத் தலைகள் எங்கிருந்து வந்தன? நாகப்பட்டினத்திலிருந்து தாத்தாவுக்கு வந்த கடிதங்களிலிருந்து, தோட்டத்து ஆபீசில் கிராணி வீசியெறிந்த உறைகளிலிருந்து. கதையை வெட்டினால் சேகரிப்புக்கு ஊரும் பேரும் போய்விடும். இது மூத்தவர்களுக்கும் நன்றாகவே தெரியும். பொதுவில் 'தயவுசெய்து சுருக்கமாக எழுதவும்' என்று போட்ட கையோடு, புதியவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறார்கள்: "ஐயா, தாத்தாவுக்கு வந்த அந்தக் கடுதாசிகள் கவரோடு இருக்கிறதா? உரித்துவிடாதீர்கள். விலை பேசிக்கொள்ளலாம்."