பின்கட்டுத் தோட்டக் கூலி குறித்த ஒரு விசாரம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டிருக்கும் நூல்களையும் கட்டுரைகளையும் சேர்த்து அடுக்கினால் அவ்வீடுகளின் பரண் ஒன்று நிரம்பிவிடும். பர்மாத் தேக்குத் தூண்களின் சுற்றளவு, ஆத்தங்குடிக் கல்லின் வர்ண விந்நியாசம், முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் கலந்து பூசிய சுவரின் மழமழப்பு, முகப்பின் மேல் யானைகளுக்கு நடுவே வீற்றிருக்கும் கஜலக்ஷ்மி ஆகிய யாவும் அளந்தும் வரைந்தும் படம்பிடித்தும் முடிந்து, 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் இவ்வட்டாரம் ஏறிவிட்டது. ஆயினும் இவ்வறிஞர் பெருமக்கள் அனைவரும் முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து, இரண்டாங்கட்டில் காப்பி அருந்தி, அடுப்படி வரையில் சென்று, அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள் என்பது அவர்தம் நூல்களை வாசிப்போர்க்கு விளங்காமற் போகாது. அடுப்படிக்கும் பின்தெருவுக்கும் இடையே கிடக்கும் தோட்டம் என்னும் பிரதேசத்தையும், அதைத் துப்புரவு செய்ய ஆள் பிடிக்கும் வித்தையையும், அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலியின் தத்துவத்தையும் அவர்கள் நமக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள்.

விஷயத்துக்குள் புகுமுன் க்ஷேத்திரத்தை வரையறுப்பது சாஸ்திர மரபு. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை ஆகிய ஊர்களில் பெரிய வீடு என்பது ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. அதன் கடைசிக் கட்டுக்கு அப்பால் ஒரு கிணறு, இப்போது மாடு இல்லாத ஒரு மாட்டுக்கொட்டில், முருங்கை, கறிவேப்பிலை, நார்த்தை, பவளமல்லி, நாலைந்து தென்னை ஆகியன இருக்கும். அல்லது இருந்தன என்று ஆச்சிமார் சொல்லுவார்கள். தரை செம்புறாங்கல். ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, பங்குனி சித்திரையில் வானம் நம்மை முற்றிலும் மறந்துவிடும். வீட்டுக்கு உடையவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அதற்கும் அப்பாலோ இருப்பார்கள். படைப்பு, கல்யாணம், சாந்தி என்று ஏதேனும் ஒன்று வரும்போதுதான் பூட்டுத் திறக்கப்படும்; தோட்டம் ஒன்று இருக்கிறது என்னும் ஞானமும் அப்போதுதான் உதயமாகும்.

தோட்டச் செலவில் சிவகங்கைச் சீமைக்கு உள்ள பூர்வ கீர்த்தியை இங்கே குறிப்பிடாமற் செல்வது தேசத் துரோகமாகும். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே பந்தலாக நிறுத்திவிட்டு நடந்து போன வேள் பாரியின் பறம்பு மலை, இம்மாவட்டத்துச் சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலையே என்பது வழிவழியாக வரும் கொள்கை. ஒற்றைக் கொடிக்கு ஒரு தேர் என்பது, மரச் சாமானின் விலை, சக்கரத்தின் இரும்பு, குதிரைகளை அவிழ்த்துத் தனியே ஓட்டிச் செல்லும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், இன்றைய எந்தத் தோட்டக் காண்ட்ராக்டரும் கொடுக்கத் துணியாத மதிப்பீடு. புலவர்கள் அதை வள்ளன்மை என்று பாடினார்கள். வேலைக்கு முன் விலை விசாரிக்காத குணம் இப்பக்கத்து மண்ணில் அன்றே ஊறிவிட்டது என்பதற்கு அது முதல் சான்று என்றே அடியேன் கொள்கிறேன்.

இரண்டாவது சான்று வைகைக் கரையிலிருந்து வருவது. வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, மதுரையில் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து விட்டதும், ஆள்துணையற்ற வந்திக் கிழவி தன் பங்கை அடைக்க ஓர் ஆளைப் பேசியதும், உதிர்ந்த பிட்டே கூலி என்று ஒப்பந்தம் ஆனதும், வந்த ஆள் முதலில் கூலியை உண்டு, பிறகு கூடையைத் தலைக்கு வைத்துத் துயின்று, இடையிடையே ஆடிப் பாடி, கடைசியில் பாண்டியன் கைப் பிரம்படி பட்டதும் திருவிளையாடற் புராணத்தில் பிரசித்தம். வந்த ஆள் சாக்ஷாத் சொக்கநாதர் என்பதால் பக்தர்கள் இதில் கருணையைக் காண்கிறார்கள். வேலையாள் சரித்திரத்தை ஆராய்வோனுக்கோ வேறு மூன்று காட்சிகள் தென்படுகின்றன: முன்பணம் அக்காலத்திலேயே உண்டு, பிற்பகல் உறக்கம் அக்காலத்திலேயே உண்டு, மேற்பார்வைக்கு வந்தவர் கோபித்துக்கொண்டால் அடி எல்லார் முதுகிலும் விழும் என்பதும் அக்காலத்திலேயே நிரூபணமாகிவிட்டது. அதற்குப் பின் வந்த சோழர் காலக் கல்வெட்டுக்களில் திருநந்தவனம் செய்வார்க்கும் பூப்பறிப்பார்க்கும் நெல்லாக ஜீவிதம் வகுத்துக் கல்லிலேயே பொறித்துவிட்டார்கள். கல்லில் வெட்டிய கூலியை மறுவாரம் உயர்த்திக் கேட்க முடியாது. அந்த முறையை நாம் கைவிட்டது விவேகமற்ற காரியம்.

இனி நிகழ்காலம். காரைக்குடியில் தோட்டத்தில் களை எடுக்க, வரப்புக் கட்ட, மட்டை கழிக்க ஓர் ஆண் ஆளுக்கு நாட்சம்பளம் எழுநூறு, எண்ணூறு என்று காலை ஆறரை மணிக்குத் தேநீர்க்கடை வாசலில் நிர்ணயமாகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 2024–25-ல் அரசு அறிவித்த கூலி 319 ரூபாய் அல்லவா என்று அங்கே போய்ப் பிரமாணம் காட்டுகிறவர்களுக்கு, அரசாங்கத்தையே வந்து வெட்டச் சொல்லுங்கள் என்று மரியாதையாகப் பதில் கிடைக்கும். இவ்வளவில் விஷயம் எளிதுதான். ஆனால் இந்த எண்ணூறு என்பது ஊரில் குடியிருக்கும் பென்ஷன் வாத்தியாருக்கு உரிய தொகை. அதே தோட்டம், அதே களை, அதே மண்வெட்டியாக இருந்தும் கோயம்புத்தூரிலிருந்து பேசினால் ஒரு தொகையும், சென்னையிலிருந்து பேசினால் வேறு தொகையும் ஆவதை உற்று நோக்கிய பின்னர், கேட்கப்படும் கூலியானது உடையவர் வசிக்கும் ஊரின் தூரத்துக்கு நேர்விகிதத்திலும், வீட்டு விசேஷத்துக்கு எஞ்சியிருக்கும் நாட்களுக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்னும் சித்தாந்தத்துக்கு வரவேண்டியிருக்கிறது. நிலத்தின் பரப்பளவு இதில் எங்கும் குறுக்கிடுவதில்லை. தூரம் கடல் தாண்டிவிட்டால் எண் என்பதே மறைந்துவிடும்.

“எவ்வளவு தம்பி ஆகும்?”

“என்னண்ணே, உங்ககிட்டப் போயி ரேட்டுப் பேசுறதா? பாத்துக் குடுங்க.”

இதைக் காட்டிலும் விலை உயர்ந்த வாக்கியத்தை நான் இதுகாறும் கேட்டதில்லை. கொடுப்பவர் டாலரை ரூபாயாக்கிப் பார்க்கிறார், பார்த்தால் எல்லாமே மலிவாக இருக்கிறது, கொடுத்துவிடுகிறார். மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தேநீர்க்கடையில் அத்தொகை புது நடப்பு ஆகிறது. பென்ஷன் வாத்தியார் நடைபாதையில் நின்று பெருமூச்சு விடுகிறார்.

இங்கே சரித்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இவ்வீடுகளுக்கு உடையவர்களின் பாட்டனார்கள் ரங்கூனில் கோயிலில் கூடியிருந்து நடப்பு வட்டியைத் தாமே நிர்ணயித்தவர்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து வாங்கினவர்கள் கடனடைக்க இயலாமற் போக, 1938-க்குள் அது காற்பங்கு ஆயிற்று. அவர்கள் விரும்பியது பணத்தை, வந்து சேர்ந்ததோ வயல். ஐராவதி நதிக்கரையில் கிடந்த அந்த வயலை முதலாளி காரைக்குடிப் பட்டாலையில் சாய்ந்தபடியே நிர்வகித்தார். ஏனெனில் அங்கே ஒரு மேலாள், அவருக்குக் கீழ் அடுத்தாள், அவருக்கும் கீழ் பெட்டியடிப் பையன் என்று ஒரு பரம்பரை இருந்தது. மூன்று வருஷக் கணக்கு இருந்தது. சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் கப்பலேறித் தவறாமல் வந்தன. இன்று அந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. பேரன் சிங்கப்பூரில் இருக்கிறார். நிலம் காரைக்குடியில் இருக்கிறது. தோட்டக்காரரே மேலாள், அவருடைய மைத்துனர் அடுத்தாள், கடப்பாரையை முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் வரும் சிறுவன் பெட்டியடிப் பையன். குறைவது ஐந்தொகை ஒன்றே. அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் இரண்டு படமும், காற்றிரைச்சலுக்கிடையே ஒரு குரற்செய்தியும் வருகின்றன.

படம் என்றதும் ஓர் ஆங்கிலேயர் நினைவுக்கு வருகிறார். ஹம்ப்ரி ரெப்டன் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரபுக்களின் தோட்டங்களைத் திருத்தியமைத்தவர். சிவப்புத் தோல் அட்டையிட்ட புத்தகத்தில் தோட்டத்தின் தற்போதைய கோலத்தை வர்ணத்தில் தீட்டி, அதன்மேல் ஒரு காகித மடிப்பு ஒட்டியிருப்பார். மடிப்பைத் தூக்கினால் வருங்காலக் கோலம் தெரியும். நம்மூர்த் தோட்டக் காண்ட்ராக்டரும் கைப்பேசியில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் காட்டுகிறார். ரெப்டனுடைய மடிப்புக்கு அடியிலும் மேலும் இருந்தது ஒரே தோட்டம் என்பது மட்டுமே பேதம். இங்கே ‘பின்’ படத்தில் தெரியும் கிணற்றுக்கு இராட்டினம் இருக்கும். நம்முடைய கிணற்றுக்கு அது கழன்று வெகுகாலம் ஆகியிருக்கும்.

அந்தப் படத்தில் பெரும்பாலும் ஒரு புல்தரை காணப்படும். இப்போது நாகரிகம் அதில்தான் தங்கியிருக்கிறது. கொரியன் புல் என்று பெயர் சொல்லிச் சதுர அடிக் கணக்கில் விரிக்கிறார்கள். அதற்கு அடியில் போடும் செம்மண்ணும் மணலும் எருவும் நூறு கன அடி கொண்ட யூனிட்டுக் கணக்கில் டிப்பரில் வருகின்றன. ஆயிரம் சதுர அடிப் புல்தரை என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். கோடையில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் என்று மிதமாகக் கொண்டாலும் நாளொன்றுக்கு 465 லிட்டர்; பதினைந்து லிட்டர்க் குடத்தால் முப்பத்தொரு குடம். மழைநீரை வளவில் பிடித்து அண்டாவில் நிரப்பி, மிஞ்சியதை ஊருணிக்கு வழிவிட்டு, குடிநீரைத் துணியால் வடிகட்டி வாழ்ந்த ஆயாக்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அச்சில் ஏற்ற இயலாது. முன்னோர் உலகம் காணாதவர்கள் அல்லர். பினாங்கிலும் கொழும்பிலும் வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாப் புல்தரைகளைத் தினம் பார்த்தவர்கள். பார்த்தும், தேக்கையும் பளிங்கையும் பீங்கானையும் கப்பலில் ஏற்றிவந்தார்களே ஒழியப் புல்லை ஏற்றவில்லை. இது ரசனைக் குறைவு என்பது பூர்வபக்ஷம். தண்ணீர்க் கணக்குத் தெரிந்தவர்கள் என்பது சித்தாந்தம்.

அமெரிக்கப் பண்டிதர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வியாக்கியானம் செய்திருக்கிறார். புல்தரை என்பது மாடு மேயும் வெளியின் நினைவே. ஆனால் அங்கே மாட்டைக் கட்டினால் சிக்கனத்தின் வாடை வீசிவிடும் என்பதால், பணக்காரர் அதை விலக்கிவிட்டு வீண்செலவான வேறு வழியைத் தேடுவர் என்பது அவர் கருத்தின் சாரம். இதைக் காரைக்குடியில் பரீக்ஷித்துப் பார்ப்பது எளிது. அடுத்த வீட்டு வெள்ளாடு கூலி கேளாமல், டீக்காசு கேளாமல், பின்வாசல் திறந்திருக்கும் வேளை பார்த்து வந்து களையை மேய்ந்து எருவும் இட்டுச் செல்கிறது. அதைத் தடுக்கக் கம்பிவேலி போட ஒருவருக்குப் பணம் கொடுத்து, ஆடு தின்றிருக்க வேண்டியதை வெட்ட மெஷின் கொண்டுவரும் இன்னொருவருக்குப் பணமும் பெட்ரோலும் கொடுக்கிறோம். ஆயினும் ஆட்டை முற்றிலும் ஆதரித்துத் தீர்ப்பு எழுதவும் முடியவில்லை. அதன் காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

பங்கு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று ஆள், எண்ணூறு ரூபாய், இரண்டு நாள் என்றால் 4,800. வீட்டில் பதினாறு பங்கு என்று வைத்துக்கொண்டால் பங்குக்கு முந்நூறு. கோயிலுக்குப் புள்ளிவரி என்றால் மறுபேச்சின்றிக் கொடுக்கும் பங்காளிகள், தோட்ட வரி என்றதும் வாட்ஸ்அப் குழுவில் முருங்கைக்காயை இத்தனை நாள் யார் பறித்தார் என்னும் வினாவை எழுப்புவார்கள். அதன்பின் எவரும் பேசமாட்டார்கள். காவலுக்கு இருக்கும் ஆச்சி தன் கையிலிருந்து கொடுத்துத் தீர்ப்பார்.

முடிவாக, இத்துறையின் மகா ரகசியமாகிய சீமைக்கருவேலம். மெக்சிகோ முதலிய தேசங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இம்மரம், ஆளில்லாத நிலம் எதுவென்று நம் தாசில்தார்களுக்கு முன்பாக அறிந்துகொள்ளும் சக்தி வாய்ந்தது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றும்படி உத்தரவிட்டபோது தென்மாவட்டங்களில் மண்வெட்டிக்கும் ஜேசிபிக்கும் வந்த மவுசு சொல்லுந்தரமன்று. இதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். விதை செரிமானமாகாமல் புழுக்கையோடு வெளிப்பட்டு, எருவும் உடனிருப்பதால் சுகமாக முளைக்கும். கூலி வாங்காத வெள்ளாடு அடுத்த ஆண்டுக்கான கூலி வேலையை இவ்வாறு விதைத்துவிட்டுப் போகிறது.

வெட்டிய கருவேலம் வீணாவதில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் அனுப்புவது ஒரு தொழில். விறகு வியாபாரி நிலத்துக்காரருக்குப் பணம் கொடுத்து மரத்தை வெட்டிக்கொண்டு போவதே கிராமத்து வழக்கம். ஆதலால் இம்மரம் வளர்ந்த தோட்டத்தைத் துப்புரவு செய்யும் கூலி, தர்க்கப்படி பூஜ்யத்துக்கும் கீழே நிற்க வேண்டும். அதாவது, தோட்டக்காரர் நமக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் தூரத்து முதலாளிக்கு மரம் என்பது குப்பை. “வெட்டுனதை எங்க கொண்டுபோயிக் கொட்டுறதுன்னு தெரியலண்ணே, அதுக்குத் தனியா வண்டி வாடகை ஆகும், பரவால்ல, நானே பாத்துக்கிடுறேன்” என்னும் குரற்செய்தியைக் கேட்டு அவர் நெகிழ்ந்துபோய் வண்டி வாடகையும் சேர்த்து அனுப்புகிறார். வண்டி கரிமூட்டத்துக்குப் போய் அங்கும் வரவு வைக்கிறது. ரங்கூன் மேலாட்கள் ஒருவரும் ஒரே சரக்குக்கு இரு பக்கமும் வட்டி கண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேச்சில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேசியது ‘வெட்டுவதற்கு’, தூரைத் தோண்டி வேரோடு எடுப்பது வேறு வேலை, வேறு சம்பளம், அதற்கு ஜேசிபி மணிக்கணக்கு. தரைமட்டமாக வெட்டிய கருவேலந்தூர் ஒரு மழைக்குப் பின் ஒரு தண்டுக்கு நாலு தண்டாகத் தழைக்கும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். படைப்பு முடிந்து, பங்காளிகள் கார்களில் ஏறி, பூட்டுப் போட்டாயிற்று. தூர் அனைத்தும் பத்திரமாக மண்ணுக்குள் இருக்கின்றன. பின்தெருப் பக்கத்து மதிலில், ‘தோட்ட வேலை செய்து தரப்படும்’ என்று நீலச் சாயத்தில் எழுதி, அதனடியில் தம் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட்டு, சுவருக்கு உடையவர் நாமல்லவா என்று எவரேனும் கேட்பதற்கு முன், மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஒரே எக்ஸெல்லில் கோட்டையூர்ப் பக்கம் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.