மீட்டர் கணக்கில் நிழல்

"எத்தனை மீட்டர் வேணுங்க சார்?" என்று கேட்டான் கடைப் பையன். மொட்டைமாடித் தோட்டத்துக்கு நிழல்வலை வாங்கப் போயிருந்தேன். 50 சதவீத நிழல், 75 சதவீத நிழல், 90 சதவீத நிழல் என்று பச்சைப் பச்சையாகச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். கொடுக்கிற காசுக்குக் கூடுதல் நிழல் இருக்கட்டுமே என்று 75-ஐ வாங்கிக்கொண்டு வந்தேன். கொங்குநாட்டான் புத்தி.

நிழலை விலைக்கு வாங்கியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள்.

காங்கேயத்துப் பக்கம் எங்கள் காடு. அங்கே கொரங்காடு என்றால் மேய்ச்சல் நிலம்: தரையில் கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்தால் போதும், மேய்ப்பவன் தேவையில்லை. எங்கள் கொரங்காட்டை ஒட்டி இருந்த உழவுக் காட்டுக்கும் அதே வேலிதான். அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் வைத்தது. மழைக்கு முன்னால் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை.

வேலிக்குப் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு ஏர் போகாது. மாடு திரும்ப இடம் வேண்டுமே. அந்த நாலடிதான் ஆத்தாவின் ராஜ்யம். அப்பாருவுக்கு அங்கே பேச்சில்லை. மேற்கு எல்லையில் தெற்கு வடக்காக ஓடிய வேலியின் உள்பக்கத்தில்தான் அவள் எதையும் வைப்பாள். அங்கே காலை வெயில் தடையில்லாமல் விழும், பொழுது சாய ஆரம்பித்ததும் வேலி நிழல் காட்டுக்குள் நீளும். கிளுவை இலை பொடி இலை என்பதால் இருட்டு நிழல் இல்லை. சல்லடையில் சலித்த மாதிரி ஒரு நிழல். ஏன் இந்தப் பக்கமே வைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"காலம்பற வெயிலு தாயி கண்ணு. மத்தியான வெயிலு மாமியா. வதக்கிப்போடும்."

சுக்குட்டிக்கீரை அங்கே தானாக வந்தது. மணத்தக்காளி என்றால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். நாலைந்து மிளகாய்ச் செடி, ஒரு மூலையில் சேம்பு. வேலிமேல் அவரையும் மிதிபாகலும் ஏறியிருக்கும். பிரண்டை, முடக்கத்தான், முசுமுசுக்கை எல்லாம் யாரும் வைக்காமலே வந்தவை. முக்கில் ஒரு கொடுக்காப்புளி மரம், அதன் காலடியில் சீத்தா. கோவைக்கொடி மட்டும் அவள் கையால் வைத்தது. காய்க்கிற கொடியில் பென்சில் கனத்துக்கு ஒரு தண்டை ஒடித்து, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து ஊன்றுவாள். விதை போட்டு நான் பார்த்ததே இல்லை. பறிக்கும்போது இடது கையில் ஒரு குச்சியால் முள்ளை ஒதுக்கி, வலது கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே காயைத் தடவி முற்றலா பிஞ்சா என்று சொல்வாள். பழுத்துச் சிவந்தது கிளிக்கு. வேலிக்கு வெளியே தொங்குவது ரோட்டில் போகிறவர்களுக்கு. இதெல்லாம் எழுதாத சட்டம்.

2006-ல் நான் கணக்குப் போட்டேன். வேலி 300 அடி நீளம். பக்கத்தில் வீணாகப் போவது நாலடி. 1200 சதுர அடி என்றால் ரெண்டே முக்கால் சென்ட்! இத்தனை பூமியை முள்ளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு ஒரு பரம்பரையே சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஜேசிபி வந்தது. அப்பாரு தலைமுறை வளர்த்ததை அரை நாளில் பிடுங்கிப் போட்டது. கல்கால் நட்டு, கம்பி இழுத்து, பார்க்கக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன்.

ஆத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள். "நெழலுக்கு என்ன பண்ணுவ கண்ணு?"

கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பிக்கும் நிழல் உண்டு. தரையில் கோடு கிழித்த மாதிரி விழும், எறும்பு ஒதுங்கப் போதாது. மீட்டெடுத்த ரெண்டே முக்கால் சென்ட்டில் முதல் வருஷம் மிளகாய் போட்டேன். மேற்கு வெயிலும் காற்றும் நேராக அடித்ததில் பூ முழுக்கக் கொட்டியது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒன்றும் போடவில்லை. இன்றைக்கும் அது சும்மாதான் கிடக்கிறது.

இப்போது திருப்பூரில் மாடிவீடு. 75 சதவீத நிழலில் தக்காளி என் தோள் உயரம் வளர்ந்தது. வெளிச்சம் தேடி வளர்ந்திருக்கிறது, பாவம். காய் மொத்தம் மூன்று. போதாக்குறைக்குத் தலைக்குமேல் பந்தல் மாதிரி விரித்திருந்தேன், தாயையும் மாமியாரையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டேன். கோவைக்காய் விதையைப் பொட்டலத்தில் வாங்கிப் போட்டேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது, ஒரு காய் இல்லை. கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆத்தா ஏன் தண்டு ஒடித்தாள் என்பதும்.

சரி, முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று பணம் கட்டி ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உயிர்வேலியும் பகுதிநிழல் சாகுபடியும் என்று ஒரு வகுப்பு. திரையில் படம் போட்டு, "இது முட்கிளுவை, நம் முன்னோர்களின் அறிவியல்" என்றார் பயிற்சியாளர். எனக்குப் பிள்ளை வயதுதான் இருக்கும். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "உங்க பக்கத்துல இதெல்லாம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

இப்போது 50 சதவீத வலையை வாங்கி, மாடியின் மேற்குப் பக்கம் மட்டும் தட்டி மாதிரி கட்டியிருக்கிறேன். மிளகாய் பரவாயில்லை. காட்டில் அந்த நாலடியைத் திரும்ப விட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். கம்பி இருந்துவிட்டுப் போகட்டும், அதை ஒட்டி உள்ளே ஒரு வரிசை.

வாசகர்கள் யாரிடமாவது கிளுவை வேலி மிச்சம் இருந்தால், இந்த மழைக்கு முன்னால் கொஞ்சம் போத்து தேவைப்படுகிறது. ஆள் உயரம், கைப்பிடிக் கனம், 300 அடிக்கு வேண்டும். என்ன விலை சொன்னாலும் தருகிறேன்.