சயாம் வாசலில் எட்டுப் படை

ஆல்பர் லாமொரிஸ் 1956-இல் எடுத்த 'சிவப்பு பலூன்' அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் குறும்படம். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவன். அவனை விட்டுப் பிரியாமல் கூடவே வரும் ஒரு பலூன். பொறாமை பிடித்த பையன்கள் கும்பலாகத் துரத்திவந்து அந்தப் பலூனை உடைத்துவிடுவார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த ஈரம் காய்வதற்குள், 1957-இல், அதே மனிதர் உலகத்தை 42 நாடுகளாகக் கூறுபோட்டு, பகடை உருட்டி ஒருவரையொருவர் ஒழித்துக்கட்டும் பலகை விளையாட்டு ஒன்றைப் பிரான்ஸில் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதற்கு 'ரிஸ்க்' என்று பெயர் சூட்டி விற்றது. கும்பல் சேர்ந்து ஒருத்தனை மொத்துவதை அவ்வளவு உருக்கமாகப் படம் பிடித்தவர், அதையே குடும்பத்தோடு உட்கார்ந்து செய்வதற்கு விதிமுறையும் எழுதிக் கொடுத்தார்.

ரிஸ்க் ஆடும் எந்த மேசையிலும் ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் அந்தப் பலூன் நிலைக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் படைகளைக் குவியல் குவியலாக அடுக்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நான்கு நாடும் கைப்பிடிக் காயுமாக உட்கார்ந்திருப்பார். 'பாவம்' என்று சொல்லிக்கொண்டே பகடையை எடுப்பார்கள். இந்தக் கட்டுரை அவருக்கானது.

அவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி நல்ல செய்திதான். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் புதுப் படை, கையிலுள்ள நாடுகளை மூன்றால் வகுத்த கணக்கு. ஆனால் எவ்வளவு நொடித்துப்போனாலும் மூன்றுக்குக் குறையாது. பதினொரு நாட்டை ஆள்பவருக்கும் மூன்றுதான். ஒற்றை நாட்டில் பாயை விரித்துப் படுத்திருப்பவருக்கும் மூன்றுதான். பன்னிரண்டாவது நாடு கைக்கு வரும்வரை ராஜாவுக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே ரேஷன். ஆகவே பதினொன்றுக்குக் கீழே இறங்கியவர் ஒவ்வொரு நாட்டுக்காகவும் மார்தட்டிச் சண்டை போடுவது வெட்டி வீராப்பு. ஆறு நாட்டைப் போகவிட்டு, நாலு நாட்டை இறுகப் பிடித்தாலும் வருமானத்தில் ஒரு காய்கூடக் குறையப்போவதில்லை. பதினொன்றும் என் தாய்மண்ணே என்று நாட்டுக்கு ஒன்றாகக் காவல் வைத்தவர்களைத்தான் மேசையில் முதலில் அடக்கம் செய்வார்கள்.

எந்த நாலு என்பதில் ஊருக்கே தெரிந்த பதில் ஆஸ்திரேலியா. இந்தோனேஷியா, நியூகினி, மேற்கு ஆஸ்திரேலியா, கிழக்கு ஆஸ்திரேலியா. மொத்தம் நாலே நாடு. வாசல் ஒன்றுதான், சயாமிலிருந்து இந்தோனேஷியாவுக்கு. முழுசாகப் பிடித்தால் முறைக்கு இரண்டு படை இனாம். தென் அமெரிக்காவுக்கும் இதே நாலு, இதே இனாம். ஆனால் பிரேசில் வழியாக ஒரு கதவும் வெனிசுலா வழியாக ஒரு கதவும் திறந்தே கிடக்கும். ஆசியா ஏழு தரும். பன்னிரண்டு நாட்டையும் ஒருவர் கட்டி ஆண்டு, அந்த ஏழை எண்ணி வாங்குவதற்குள் விடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவைப் பிடித்தவர்கள் வழக்கமாக ஒரு காரியம் செய்வார்கள். இருக்கும் படை அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே நாட்டுக்கு ஒன்று வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். இது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதைப் பகடையைக் கேட்டால்தான் தெரியும்.

தாக்குபவர் மூன்று பகடை உருட்டுவார், காப்பவர் இரண்டு. பெரிய எண்ணோடு பெரிய எண், அடுத்ததோடு அடுத்தது. சமமாக விழுந்தால் காப்பவருக்கு வெற்றி. விதி ஏழைக்குக் கொடுத்த ஒரே சலுகை அது. அப்படியும் நூற்றுக்கு 37 தடவை காப்பவர் இரண்டு படையை இழப்பார். 29 தடவை தாக்குபவர் இரண்டை இழப்பார். மீதி 34 தடவை ஆளுக்கு ஒன்று. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் சண்டை நீள நீள அது வட்டி போல ஏறும். இதைப் பேராசிரியர்கள் சும்மா விடவில்லை. 1997-இல் பாரிஷ் டான் என்பவர் 'மேத்தமேட்டிக்ஸ் மேகஸின்' இதழில் மார்க்கோவ் சங்கிலிக் கணக்குப் போட்டு, தாக்குபவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்ற தொனியில் முடித்தார். 2003-இல் அதே இதழில் ஜேசன் ஆஸ்போர்ன் வந்து, ஒரே வீச்சில் விழும் பகடைகளை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல எண்ணியது தவறு என்று திருத்தினார். பெரிய எண் எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்திய பிறகு அவை உறவுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. திருத்திய கணக்கில், இருபக்கமும் சமமாக ஐந்தோ அதற்கு மேலோ படை மோதினால் தாக்குபவருக்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. ஏழையின் வயிற்றில் அடிப்பதற்குக்கூட இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

கணக்கை இன்னொரு பக்கமாகத் திருப்பினால் ஒரு விசித்திரம் தெரியும். குவியலாக நிற்கும் காவல் படையில் ஒன்றைச் சாய்க்கத் தாக்குபவருக்குச் சராசரியாக 0.85 படை செலவு. ஒற்றைக் காவலாளி நிற்கும் நாட்டைப் பிடிக்கவோ அரைப் படை சேதம் ஆகும். அதோடு பிடித்த நாட்டில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். ஆக ஒன்றரை. சிதறிக் கிடக்கும் நோஞ்சான்கள், முறுக்கி நிற்கும் பயில்வான்களைவிட எதிராளிக்குக் கூடுதல் செலவு வைக்கிறார்கள்! நிறுத்தப்பட்ட ஆள் செத்துப்போவதில்லை, அடுத்த முறை அவனும் சண்டைக்கு வருவான் என்பது உண்மைதான். ஆனால் இந்த முறை படையெடுப்பு மூச்சு வாங்கி நடுவழியில் நின்றுபோகும். தாக்குபவரிடம் மூன்றே படை மிஞ்சினால் இரண்டு பகடைதான் உருட்ட முடியும். இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் நூற்றுக்கு 45 தடவை அவர் இரண்டையும் இழப்பார், 23 தடவைதான் காப்பவர் இழப்பார். அங்கே இழுத்துக்கொண்டு வருவதுதான் வேலை. ஆகவே வாசலில் ஒரு குவியல், அதற்குப் பின்னால் ஒற்றை ஒற்றையாக வேகத்தடை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆஸ்திரேலியாக்காரர் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஆனாலும் படையைவிட அவரைக் காப்பாற்றுவது வாய்தான்.

கோடை விடுமுறையில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த யுத்தம் இது. பத்து வயதுப் பெண் இந்தோனேஷியாவில் எட்டுப் படையோடு நிற்கிறாள். சித்தப்பா சயாமில் பன்னிரண்டு படையைக் குவித்துவிட்டுப் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதுகிறார்.

"சித்தப்பா, என்னை அடிச்சா உங்களுக்கு ஏழு போயிடும். எனக்கு ஒண்ணும் இல்ல."

"போகட்டும்டி."

"சரி, அடிங்க. பெரியப்பாவுக்கு ஐரோப்பாவுல இன்னும் ஒரே ஒரு நாடுதான் பாக்கி. அடுத்த தடவையிலேர்ந்து முறைக்கு அஞ்சு வாங்குவாரு. நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

ஊதிய வாய் நின்றது. சித்தப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பலகையில் ஐரோப்பா இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். பெரியப்பா, "ஏய், நான் பாட்டுக்குச் சிவனேன்னு உக்காந்திருக்கேன்டா" என்றார். அந்தக் குரலில் குற்றவாளியின் நடுக்கம் தெரிந்தது. பன்னிரண்டு படையும் சயாமிலேயே நிற்க, புதிதாக வந்த படைகள் எல்லாம் உக்ரைன் எல்லைக்குப் போயின. குழந்தை முறுக்கைக் கடித்தாள்.

ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1965-இல் வெளியிட்ட புதிர்ப் புத்தகத்தில் இதே குழந்தை வேறு வேடத்தில் வருகிறாள். மூன்று பேர் துப்பாக்கிச் சண்டை. ஒருவர் குறி தப்பவே தப்பாது, இன்னொருவருக்குப் பாதிக்குப் பாதி, மூன்றாமவருக்குப் பத்தில் மூன்று. நோஞ்சானுக்கே முதல் சுடும் வாய்ப்பு. அவர் யாரைச் சுட வேண்டும்? யாரையும் இல்லை, தரையைப் பார்த்துச் சுட வேண்டும். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், பிறகு மிஞ்சியவர் மேல் முதல் தோட்டா இவருடையது.

ஆனால் கையில் சீட்டு சேர்ந்துவிட்டால் எந்தப் பேச்சும் எடுபடாது. ஒரு முறையில் ஒரு நாடாவது பிடித்தவருக்கு ஒரு சீட்டு. மூன்று பொருத்தமான சீட்டுக்குப் படை. முதல் தொகுப்புக்கு நாலு, பிறகு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, அப்புறம் ஐந்தைந்தாக ஏறும். விலை ஏறட்டும் என்று பதுக்கி வைக்க ஆசை வரத்தான் செய்யும். ஒருவரை அடியோடு ஒழித்தவருக்கு அவர் கைச்சீட்டு முழுவதும் சொந்தம் என்று ஒரு விதி இருக்கிறது. படை இல்லாமல் நாலு சீட்டோடு இருப்பது, நகையைப் பூட்டாத வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். நோஞ்சான் சீட்டைச் சேர்த்த கையோடு மாற்றிவிட வேண்டும். ஏழையாக இருப்பது ஆபத்தில்லை. கொள்ளையடிக்கத் தோதான ஏழையாக இருப்பதுதான் ஆபத்து.

கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சினால் கைகாட்ட ஆள் கிடையாது. அப்போது மூடிக்கொண்டு உட்கார்ந்தால் மெல்லச் சாவு. எதிராளி வட அமெரிக்காவை முழுசாக வைத்திருந்தால் முறைக்கு ஐந்து படை இனாமாக வாங்குவார். காம்சட்காவிலிருந்து கடலைத் தாண்டி அலாஸ்காவில் ஒரு காயை வைத்துவிட்டால் அந்த ஐந்தும் அந்த முறைக்குக் கிடையாது. மூன்று படை செலவழித்து ஐந்தை மறிப்பது நல்ல வியாபாரம். காம்சட்கா எங்கே இருக்கிறது என்று எத்தனையோ பேர் பூகோள வகுப்பில் தெரிந்துகொள்ளவில்லை, இப்படி அடிவாங்கித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காப்பாற்ற வழியே இல்லாத நாடு ஒன்று பலகையில் உண்டு: உக்ரைன். ஸ்காண்டிநேவியா, வட ஐரோப்பா, தென் ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்கானிஸ்தான், யூரல் என்று ஆறு பக்கமும் கதவு. அதற்கும் ஒரு பாதுகாப்பு உத்தி 1995 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரங்கேறியது. 'சைன்ஃபெல்ட்' தொடரில் கிரேமரும் நியூமனும் ஆட்டம் முடிவதற்குள், ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால் பலகையைச் சேர்ந்தே சுமந்துகொண்டு சுரங்க ரயிலில் ஏறுகிறார்கள். மடியில் வைத்து ஆட்டம் தொடர்கிறது. நியூமனின் கை தாழ்ந்துவிட்டது. உக்ரைனில் கொஞ்சம் படை இருக்கிறது என்கிறார். உக்ரைனா, அது சோப்ளாங்கி என்று கிரேமர் ஏளனமாகப் பேசிக்கொண்டே தாக்கத் தயாராகிறார். பக்கத்தில் நின்றிருந்த பயணி உக்ரைன்காரர். ஓங்கி ஒரே அடி, பலகை சிதறியது, நாற்பத்திரண்டு நாட்டுப் படைகளும் ரயில் பெட்டியெங்கும் பறந்தன. நியூமன் பகடையைத் தொடவே இல்லை.