எல்லை சொல்லாத முகவரி

புதுக்கோட்டைச் சீமையில் அந்தக் காலத்தில் கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கொடுத்தோமா, புண்ணியத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினோமா என்று போய்விட முடியாது. கல்தச்சர் உளியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கிழக்கே எந்த வாய்க்கால், மேற்கே யாருடைய வயல், தெற்கே எந்தக் குளத்தங்கரை, வடக்கே எந்தப் பாதை என்று நான்கெல்லையும் ஒப்பிக்க வேண்டும். எத்தனை மா, எத்தனை வேலி? எவ்வளவு காலத்துக்கு? சந்திர சூரியர் உள்ளவரைக்கும். மீறினால்? கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்றவன் போகிற இடத்துக்குப் போவான். கங்கையை ஆயுளில் கண்டிராத ஆளுக்கும் அந்த வரி அடிவயிற்றைக் கலக்கியிருக்கும்.

இடம், அளவு, ஆயுள், சாபம். நாலும் இருந்தால்தான் சாசனம்.

அப்புறம் 1970-களின் தொடக்கத்தில், நியூஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி என்ற கணினி நிரல் மொழியை உருவாக்கினார். அதில் நிலம் கைமாற்றப் பட்டாவும் வேண்டாம், சிட்டாவும் வேண்டாம். ஒரு பாயிண்டர் போதும். நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி, அவ்வளவே. அந்த இடம் எங்கே முடிகிறது? தெரியாது. இன்னும் நம்முடையதுதானா, ஏற்கெனவே வேறு யாருக்காவது கொடுத்தாயிற்றா? போய்ப் பார்த்தால் தெரியும். அங்கே இடமே இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பெருமை கணினி அறிஞர் டோனி ஹோருக்கு. 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில், செய்வது சுலபமாக இருக்கிறதே என்று வெற்றுப் பாயிண்டரைச் சேர்த்துவைத்தார். 2009-இல் மேடையேறி, அது நூறு கோடி டாலர் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். பாவத்தை ரொக்கமாகச் சொன்ன புண்ணியவான்! நம் ஊர்க் கணக்கில் எத்தனை காராம்பசு என்று யாராவது போட்டுப் பார்க்கலாம்.

சி மொழியின் நூலகத்தில் கெட்ஸ் என்றொரு செயற்கூறு இருந்தது. யாராவது தட்டச்சு செய்தால் வாங்கி, நீங்கள் காட்டிய முகவரியில் கொட்டும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காது. கேட்கவும் வழியில்லை, அதை வாங்கிக்கொள்ள அதனிடம் பாத்திரமே கிடையாது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு நிரல்புழுவை அவிழ்த்துவிட்டார். கெட்ஸை நம்பி 512 பைட் ஒதுக்கியிருந்த நிரலுக்கு அது 536 பைட் அனுப்பியது. அதிகப்படியான 24 பைட் பக்கத்து வயலில் இறங்கி, அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 படுத்துவிட்டன என்பது அன்றைய மதிப்பீடு. மாணவரின் தகப்பனார் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்ததோ!

இதற்குப் பிறகு கெட்ஸைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த வருடமே, 1989-இல், சி மொழிக்கு முதல் தரநிலை எழுதியபோது அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்து இடம் கொடுத்தார்கள். பின்னால் வந்த லினக்ஸ் கையேடோ, ஒருபோதும் இதைப் பயன்படுத்தாதே என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தது. தரநிலையிலிருந்து அது வெளியேறியது 2011-இல்தான்.

சரி, நம்மூரில் சாசனத்தை எல்லோரும் மதித்தார்களா என்றால், திருமயத்துக்குப் போக வேண்டும். ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. சாமிகள் இருவருக்குள்ளும் தகராறு இல்லை; பெருமாள் படுத்த படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சண்டையெல்லாம் நிர்வாகங்களுக்குள்தான். வருமானம் யாருக்கு, இடம் யாருக்கு என்று முற்றிப்போய், 1245-இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் வந்து பஞ்சாயத்துப் பேசினார். பங்கு பிரித்தார், கல்லில் வெட்டவைத்தார். மனிதர் விவரமானவர், கல்லை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது தெரியும் போல. இரண்டு கோயிலுக்கும் நடுவே ஒரு மதிலும் எழும்பியது.

அதே சிவன் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது, குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டுக்கு உறவுக்காரன் மாதிரி. குடுமியான்மலையில் இருப்பது தப்பித்தது. திருமயத்தில் இருந்ததன் பெரும்பகுதியைப் பின்னால் வந்தவர்கள் கொத்திவிட்டு, அதன் மேலேயே தங்கள் கல்வெட்டை வெட்டிக்கொண்டார்கள். பாட்டு போச்சு.

2010-இல் ஃபெடோரா லினக்ஸிலும் இப்படித்தான் பாட்டு போனது. மெம்காப்பி என்ற செயற்கூறு நினைவகத்தின் ஒரு துண்டை இன்னொரு இடத்துக்குப் படியெடுக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் மெம்மூவ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கூப்பிடு. கையேட்டில் பளிச்சென்று எழுதியிருந்தது. அடோபியின் ஃபிளாஷ் பிளேயர் அதைப் பொருட்படுத்தவில்லை. மெம்காப்பியோ முன்னிருந்து பின்னாக வரிசையாகப் படியெடுத்ததால் குட்டு வெளிப்படவில்லை. மெம்காப்பியை வைத்திருக்கும் குனூ சி நூலகத்தார் வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாக மாற்றினார்கள். அதற்கப்புறம் ஃபிளாஷில் பாட்டுக் கேட்டவர்களுக்குக் கரகரவென்று ஏதோ கேட்டது.

சட்டப்படி நாங்கள் சரி என்றது நூலகத் தரப்பு. பாட்டுக் கேட்கிறவனுக்குச் சட்டமா முக்கியம் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சண்டைக்கு வந்தார். கடைசியில் நடந்தது நல்ல பஞ்சாயத்து: 2011-இல் வந்த நூலகத்தின் 2.14 பதிப்பிலிருந்து, பழைய நிரல்களுக்குத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் பழைய மெம்காப்பி, புதியவற்றுக்குக் கறாரான மெம்காப்பி. என்னைக் கேட்டால், அப்பண்ண தண்டநாயக்கரே தலையாட்டியிருப்பார்.

2015-இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் மொழிக்காரர்கள் திரும்பவும் கல்தச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லையையும் ஆயுளையும் மொழியே கவனித்துக்கொள்ளும். வெறும் பாயிண்டரைத் தொட்டே தீருவேன் என்பவர், அபாயம் என்று பலகை மாட்டிய கட்டத்துக்குள் போய்த் தொட வேண்டும். அபாயமான செயற்கூற்றை ஊருக்குக் கொடுப்பவர், ‘பாதுகாப்பு’ என்று தலைப்புப் போட்டு நிபந்தனைகளை எழுதிவைப்பது வழக்கம். தலைப்பு இல்லாவிட்டால் கிளிப்பி என்ற சரிபார்ப்புக் கருவி முணுமுணுக்கும். தலைப்பின் கீழே ‘பார்த்துப் போங்க’ என்று மட்டும் எழுதினால் அது வாயை மூடிக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற வேலை அதற்கில்லை.

மெம்காப்பிக்கு அவர்கள் வைத்த பெயரே ‘ஒன்றன்மேல் ஒன்று ஏறாத நகல்’. நிபந்தனையைப் பெயரிலேயே வெட்டிவிட்டார்கள், இனி படிக்கவில்லை என்று எவனும் சொல்ல முடியாது. ஆனால் சி-யில் வைக்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும், எடுக்கும் இடத்தை அப்புறம். ரஸ்டில் தலைகீழ். அதையும் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.