பிரிச்சாத்தான் தெரியும்

மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுபோனபோது கொஞ்சமும் கலங்காதவர் நம்ம ஒர்க்‌ஷாப் அண்ணன். கம்பெனி கைவிட்ட வண்டிகளெல்லாம் இனித் தன் தகரக் கொட்டகைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பானெட்டைத் தூக்கியதும் முதல் கேள்வி: "யாரு சார் இதுல கை வெச்சது?" பழைய டாக்டரின் சீட்டைப் பார்க்கும் புது டாக்டர்கூட அப்படி முகம் சுளிக்க மாட்டார். "போன மாசம் நீங்கதாண்ணே" என்றால் அசர மாட்டார். "நான் இல்லாதப்ப பையன் பார்த்திருப்பான்." பையனுக்கு வயது நாற்பது. பேரன் எடுத்துவிட்டான்.

பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். ஸ்பேனர் சத்தம் நிற்கும். எஃப்.எம். ரேடியோ அணையும். "மூணு சிலிண்டர்ல ஒண்ணு அடிக்கல சார்." சொன்னது அப்படியே சரியாக இருக்கும். அதுதான் வம்பே. தொழில் தெரியாதவர் என்றால் என்றைக்கோ ஆளை மாற்றியிருக்கலாம்.

"எவ்வளவு ஆகும்ணே?"

"பிரிச்சாத்தான் தெரியும்."

பிரித்தபின் தெரிந்து பயனில்லை. பாதி இன்ஜின் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருக்கும்போது யாரிடம் போய் பேரம் பேசுவது? அடுத்து, "கம்பெனி அயிட்டம் போடட்டா, லோக்கல் போடட்டா?" கம்பெனி விலையைக் கேட்டு நாம் விழித்தால் மூன்றாவது வழியும் வைத்திருப்பார்: "புதுப்பேட்டைல கழட்டுன ஒரிஜினல் கிடைக்கும்." எங்கோ ஆயுள் முடிந்த வண்டியின் கார்பரேட்டர் நம் வண்டியில் மறுபிறவி எடுக்கும்.

கோபித்துக்கொண்டு ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனவர்கள் உண்டு. அங்கே காபி கொடுத்து உட்காரவைத்து, "அசெம்பிளியோட மாத்தணும் சார்" என்று நீட்டிய எஸ்டிமேட்டில் இன்னொரு பழைய மாருதியே வாங்கலாம். அண்ணன் அதையே ஒரு ரப்பர் புஷ்ஷில் முடித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பில் எழுதித் தருவார். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டுமே, அந்த வாரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இவரிடமிருந்து தப்ப ஒரே வழி வண்டியை விற்பது. வாங்க வருகிறவர், "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்" என்பார். கூட்டிவருவது யாரை? இதே அண்ணனைத்தான். நம்மைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "கிளட்ச் போச்சு, ரேடியேட்டர் ஒழுகுது, ஹெட் கேஸ்கெட் தாங்காது" என்று அடுக்குவார். எல்லாம் நாம் காசு கொடுத்து அவரே மாற்றியவை.

ஆள் போனபின் தோளில் கை போட்டுச் சொல்வார்: "தங்கமான வண்டி சார். கைவிட்டுப் போயிடக்கூடாதேன்னுதான் அப்படிச் சொன்னேன்."